லோஞ்சு ஊதாத நாட்கள்

எண்பத்துநாலாம் ஆண்டு எழுவைதீவில் நான்கு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்றுக்கும் நேரம் தெரியாது. கோயில் மணிக்கூடு அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளியில் நாலு இருபதுக்கு நின்றது. சூறாவளியை நேரில் கண்ட சாட்சி என்ற மரியாதையில் அதை யாரும் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்து மணிக்கூடு தலைமை வாத்தியாரின் கையில் கட்டியிருந்தபடியால், வெள்ளிக்கிழமை பின்னேரம் மீன் வள்ளமொன்றில் அவரோடு அவரது ஊரான கரம்பொனுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பி வரும். வின்சன்ற் வீட்டு அலாம் மணிக்கூடு படுக்கவைத்தால் ஓடும், நிமிர்த்தினால் நிற்கும். அதில் நேரம் பார்க்க விரும்பியவரும் பக்கத்தில் படுக்கவேண்டியிருந்தது. நாலாவது, கிறிஸ்தோப்பருக்குக் கலியாணத்தில் மாமனார் போட்ட கைமணிக்கூடு. அது றங்குப்பெட்டியில் கலியாணக் கோட்டுக்கு அடியில் கிடந்தது. நத்தார்ப் பண்டிகைக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் எடுத்துக் கட்டுவார். சாவி கொடுப்பதில்லை. அது கைக்கு அழகுக்கு.

ஆகவே தீவு முழுவதும் மோட்டார்ப் படகான லோஞ்சின் ஊதலை நம்பித்தான் சீவித்தது. தம்பையாவின் லோஞ்சு காலையில் அக்கரையிலுள்ள ஊர்காவற்றுறைக்கு வெளிக்கிடும்போது ஒருமுறை ஊதும். பின்னேரம் திரும்பி வந்து சேரும்போது மறுபடி ஊதும். பழைய லொறியொன்றிலிருந்து கழற்றிப் பூட்டிய ஊதல் அது. அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பெண்கள் உலை வைத்தார்கள், சிவக்கொழுந்தின் கோழிகள் முட்டையிட்டன. ஞாயிற்றுக்கிழமை லோஞ்சு இல்லை. அன்றைக்குக் கோழிகள் அடக்கிக்கொண்டு இருந்துவிட்டுத் திங்கட்கிழமை இரண்டிரண்டாக இடும். நம்பாதவர்களுக்குச் சிவக்கொழுந்து முட்டைகளைக் கையில் கொண்டுவந்தே காட்டினாள்.

கிறிஸ்தோப்பரின் மனைவி மாக்கிறேற்றும் அந்த ஊதலைக் கேட்டுத்தான் மகளுக்கு வலிப்புக் குளிசை கொடுத்தாள்.

மகள் பெனடிக்ராவுக்கு ஒன்பது வயது. ஆறாவது வயதில் ஒருநாள் மீன் காயப்போட்ட பந்தலடியில் நின்றவள் கண்கள் செருகி விழுந்தாள். முதலில் கட்டைபோல் விறைத்தாள். பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. எழும்பியபோது உடுப்பு நனைந்திருந்தது. தான் விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அதன்பின் கோயில் எண்ணெய் பூசினார்கள், நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதித் தெளித்தார்கள். சைவரும் கிறிஸ்தவரான வேதக்காரரும் தங்களால் இயன்ற எல்லாவற்றையும் செய்தார்கள். வலிப்பு ஒரு தரப்புக்கும் பணியவில்லை. கடைசியில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டொக்டர்தான் சொன்னார், யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைகளில் வலிப்புக்காரப் பிள்ளைகளுக்கென்றே தனிக் கிளினிக் நடக்கிறது, அங்கே கொண்டுபோ என்று.

அங்கே இருந்தவர் டொக்டர் சரோஜினிதேவி. மெலிந்த உருவம், கனத்த கண்ணாடி. பிள்ளையை நிறுத்துப் பார்த்து, நிறைக்கு ஏற்றபடி வெள்ளைக் குளிசை எழுதினார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. நேரம் பிசகக் கூடாது, பிசகிப்போனால் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கவும் கூடாது என்று மூன்று தரம் சொன்னார். ஒரு கொப்பியும் தந்தார். வலிப்பு வருகிற ஒவ்வொரு முறையும் நாள், எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதிவர வேண்டும்.

மாக்கிறேற் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கொப்பியை வேதப் புத்தகம்போல் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் எழுதினாள். குளிசையும் ஒருநாள் நேரம் பிசகவில்லை. லோஞ்சு ஊதினால் ஒன்று, மறுபடி ஊதினால் ஒன்று.

ஆனாலும் வலிப்பு வந்தது. அந்த வருடம் இன்னும் கூட வந்தது. கடற்படைக்காரர் நினைத்த நாளில், படகு ஓடக்கூடாதென்று கடலை அடைக்கத் தொடங்கிய வருடம் அது. லோஞ்சு வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள் துறையில் கட்டியபடியே கிடக்கும். அந்த நாட்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் பெனடிக்ரா விழுகிற நாட்களையும் தன் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த முதல் ஆள் சிவக்கொழுந்து. அவளுக்கு விசயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அந்தப் பெட்டை விழுந்தால் லோஞ்சு ஓடாது. லோஞ்சைக் கட்டி வைக்கிறது கடற்படை அல்ல, பெனடிக்ராவைப் பிடித்திருக்கிற ஏதோ ஒன்று. இது இரண்டு நாளில் தீவு முழுக்கப் பரவியது. கோழி விசயத்தில் பிழை விடாதவள் இதிலும் பிழை விட மாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடல் அடைத்துக் கிடந்து, அன்றைக்குத்தான் திறந்தது. மாக்கிறேற் பெனடிக்ராவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போவதற்காக லோஞ்சில் ஏறினாள். பாதிக் கடலில் பிள்ளை விறைத்தாள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்பது, தீவில் சைவரும் வேதக்காரரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விசயம். லோஞ்சில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் இரும்பு தேடினார்கள். ஒருவர் மீன் வெட்டும் கத்தியை நீட்ட, மற்றவர்கள் அவரைப் பிடித்து இருத்தினார்கள். லோஞ்சு ஓட்டுகிற குருசுமுத்து நல்ல மனுசன். மெசினை நிற்பாட்டினார், அதன் இரும்புத் திறப்புச் சாவியை உருவினார், பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அவளும் இறுக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்புத் தணிந்தது. கண்டியளோ என்று குருசுமுத்து வாயெடுக்க, கடைசியாக ஒருதரம் வெட்டியது. கை வீசியது. திறப்பு கடலுக்குள் போனது.

லோஞ்சு மிதந்தது. வெயில் ஏறியது. மத்தியானத்துக்குமேல் கடற்படைப் படகொன்று வந்து துவக்கை நீட்ட, எல்லோரும் கையைத் தூக்கினார்கள்; தூக்காதவள் மாக்கிறேற்றின் மடியில் அயர்ந்து தூங்கிய பெனடிக்ரா மட்டும். திறப்பு எங்கே என்று கேட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை கடலில் எறிந்துவிட்டது என்ற பதிலை அவர்களால் எந்தப் பாசையிலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. மீன்கூடை வரை கிளறிப் பார்த்துவிட்டு, பொழுது சாயக் கயிறு போட்டு இழுத்துவந்து விட்டார்கள். கரைக்கு வந்து சேரமுன்னமே கதை வளர்ந்துவிட்டது. லோஞ்சு இராமேசுவரம் வரை போனதாகவும் கோபுரத்தைக் கண்டதாகவும் நாலுபேர் சத்தியம் செய்தார்கள். இறங்கித் தேத்தண்ணி குடித்ததாக ஒருவர் சொன்னார். அவர் அன்றைக்கு லோஞ்சிலேயே ஏறவில்லை.

மறுநாள் தம்பையா மாக்கிறேற்றின் படலைக்கு வந்தார். கோபக்காரர் அல்ல. அதனாலேயே அவரை மறுத்துக் கதைப்பது கடினம்.

"பிள்ளையை இனி ஏத்த ஏலாது மாக்கிறேற். நீர் தனியப் போய் மருந்தை வாங்கிக்கொண்டு வாரும்."

"பிள்ளையை நிறுக்காமல் குளிசை தராயினம்."

"அப்ப இனி வலிப்பு வராதெண்டு டொக்டரிட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாரும். அண்டைக்கு ஏத்துறன்."

"லோஞ்சிலை ஏத்தாமல் நான் எப்பிடி டொக்டரிட்டைப் போறது?"

தம்பையா அதை யோசித்தார். நல்ல கேள்வி என்று ஒத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

குளிசை ஏழு நாளுக்குத்தான் இருந்தது. அடுத்த செவ்வாயும் ஏழாவது நாளில்தான் வந்தது. மாக்கிறேற் கிறிஸ்தோப்பரிடம் வள்ளத்தை எடுக்கச் சொன்னாள். கிறிஸ்தோப்பர் சத்தமாகக் கதைத்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் மெல்லத்தான் சொன்னார். மீன்பிடி வள்ளத்தில் பெண்கள் கால் வைப்பதில்லை, வைத்தால் வலையில் மீன் படாது, அவருடைய தகப்பன் காலத்திலும் இல்லை, தகப்பனின் தகப்பன் காலத்திலும் இல்லை. மாக்கிறேற் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி," என்றாள், "நீங்கள் கரையிலை நில்லுங்கோ. நான் சவள் வலிக்கிறன்."

விடிகிற நேரம் வள்ளம் வெளிக்கிட்டது. கிறிஸ்தோப்பர்தான் சவள் வலித்தார். மாக்கிறேற் பிள்ளையை அணைத்துக்கொண்டு நடுவில் இருந்தாள். கரையில் வலை இழுத்து நின்ற ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்தநாள் கிறிஸ்தோப்பரின் வலையில் விழுந்த பாரை மீன்களை ஏற்றியபோது வள்ளம் இரண்டு விரல்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்பதும், அந்தக் கிழமையே மூன்றுபேர் பின்வேலியால் வந்து, தங்கள் வள்ளத்திலும் ஒருக்கால் வந்து இருந்துவிட்டுப் போகச்சொல்லி மாக்கிறேற்றிடம் கேட்டார்கள் என்பதும் உண்மை. மூவரும் பின்பு மறுத்தார்கள். மறுக்கத்தான் செய்வார்கள்.

ஊர்காவற்றுறையில் இறங்கி, பஸ் பிடித்து, கிளினிக்கின் வாங்குப் பலகையில் அவர்கள் போய் இருந்தபோது பத்து மணி. தீவில் ஒன்றே ஒன்று என்று எல்லோரும் சொன்ன வலிப்புக்காரப் பிள்ளையைப்போல இருபத்தாறு பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒருவன் பெனடிக்ராவைப் பார்த்து நாக்கை நீட்டினான். பெனடிக்ராவும் நீட்டினாள்.

இதுவரை எத்தனை வலிப்பு என்று மட்டும் எண்ணிப் பார்த்த கொப்பியை டொக்டர் அன்றைக்குத்தான் வரி வரியாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பதினாறு அருள்நிறை எண்டு எழுதியிருக்கிறீர். அது என்ன?"

மாக்கிறேற் விளக்கினாள். எவ்வளவு நேரம் என்று எழுதச் சொன்னீர்கள். வலிப்புத் தொடங்கினதும் மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரம் சொல்லத் தொடங்குவேன், நிற்கும்போது எத்தனை முடிந்தது என்று எண்ணி எழுதுவேன். டொக்டர் சைவம். ஒன்று சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தாதி கைகூப்பி ஆறுதலாகச் சொல்லிக்காட்டினாள். டொக்டர் கைமணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். இருபது செக்கன்.

"அப்பிடி இல்லை டொக்டர்," என்றாள் மாக்கிறேற். "பிள்ளை கீழை கிடக்கேக்கை இப்பிடியே சொல்லுவியள்?"

பிறகு தான் சொல்லிக்காட்டினாள். மூச்சுவிடாமல், கண்ணை மூடாமல், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு. எட்டு செக்கன். பதினாறு அருள்நிறைக்கு இரண்டு நிமிடமும் எட்டு செக்கனும் என்று டொக்டர் பெருக்கி, கொப்பியின் ஓரத்தில் சின்னதாக எழுதினார்.

அதன்பிறகு நாட்களைப் பார்க்கத் தொடங்கினார். சுவரில் தொங்கிய கலண்டரை எடுத்து மேசையில் விரித்து, ஒவ்வொரு வலிப்புக்கும் ஒரு புள்ளி வைத்தார். ஞாயிறு பின்னேரம். திங்கள் விடிய. ஞாயிறு. பெரிய வெள்ளிக்கு அடுத்தநாள். மறுபடி திங்கள் விடிய. ஞாயிறு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பூசைக்குப் போவோம். பட்டினி கிடப்பாளா? இல்லை. நித்திரை குறைவா? இல்லை, அன்றைக்குத்தான் கூட.

"குளிசை எத்தினை மணிக்குக் குடுக்கிறனீர்?"

"லோஞ்சு ஊதேக்கை ஒண்டு, பின்னேரம் ஊதேக்கை ஒண்டு. ஒருநாளும் பிசகினதில்லை."

"ஞாயிறு?"

"ஞாயிறு லோஞ்சு இல்லைத்தானே டொக்டர்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்குக் குளிசை?"

"நேரம் தெரியாமல் எப்பிடிக் குடுக்கிறது? பிசகக் குடுக்கக்கூடாதெண்டு மூண்டுதரம் சொன்னனீங்கள்."

மாக்கிறேற்றுக்கு, தான் சொன்னதைத் தானே கேட்டபிறகுதான் உறைத்தது. கடல் அடைத்த நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சனி, ஞாயிறு, திங்கள். பிள்ளையைத் தானே மூன்றுநாள் பட்டினி போட்டுவிட்டு லோஞ்சில் ஏற்றியதுபோல இருந்தது. அவள் அழவில்லை. ஆனால் வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பிழை என்ரை," என்றார் டொக்டர். "ஒரு வருசமா எத்தினை குளிசை எண்டு கேட்டனான். எப்பிடி நேரம் பாக்கிறனீர் எண்டு கேக்கேல்லை."

அதற்குப்பின் எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். லோஞ்சு வந்தாலென்ன வராவிட்டாலென்ன குளிசை ஒருநாளும் நிற்கக்கூடாது. ஒரு மணித்தியாலம் முன்னே பின்னே போனால் உலகம் அழியாது, விடுவதுதான் ஆபத்து. வலிப்பு வந்தால் ஒருபக்கமாய்ச் சரித்துவிட வேண்டும். கையிலும் வாயிலும் எதையும் வைக்கக்கூடாது, அமத்திப் பிடிக்கவும் கூடாது. நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி.

மாக்கிறேற் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு தான் முக்கியமாக வந்த விசயத்தைக் கேட்டாள்.

"இனி வலிப்பு வராதெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ டொக்டர். லோஞ்சிலை ஏத்துறதுக்கு."

"அப்பிடி எழுத ஏலாது. நல்லாக் குறையும். ஆனால் வரலாம்."

"அப்ப அவளை ஏத்தமாட்டினம்."

டொக்டர் சரோஜினிதேவி பெனடிக்ராவைத் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் வாசலில் நின்ற பையனோடு நாக்கு நீட்டும் போரில் இருந்தாள்.

"வரலாம் எண்டுதான் எழுதுவன்," என்றார். "வந்தாலும் அவள் எல்லாரையும்போலப் போகலாம் எண்டும் எழுதுவன். அதுக்குக் கீழை முத்திரையும் குத்துவன். காணுமோ?"

மாக்கிறேற் யோசித்தாள். தான் கேட்டது இது அல்ல. ஆனால் கேட்டதைவிட இது பெரிது என்று பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடக்கும்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் றங்குப்பெட்டியைத் திறந்து, கலியாணக் கோட்டுக்கு அடியிலிருந்து கைமணிக்கூட்டை எடுத்தாள். பதினொரு வருடத்தில் முதல்முறையாகச் சாவி கொடுத்தாள். அது உடனே ஓடத் தொடங்கியது, இவ்வளவு காலமும் யாரும் கேட்கவில்லையே என்பதுபோல. அவளுடைய கைக்குப் பட்டி பெரிதாக இருந்தபடியால் கிறிஸ்தோப்பர் ஊசியால் இன்னொரு துளை போட்டுக் கொடுத்தார்.

ஒருமாதம். ஞாயிறு வந்தது, குளிசை கொடுத்தாள். கடல் அடைத்தது, கொடுத்தாள். ஒருநாளும் பெனடிக்ரா விழவில்லை. லோஞ்சு மட்டும் முன்னைப்போலவே நின்று நின்று ஓடியது. பெட்டை விழாமலே லோஞ்சு நிற்பது சிவக்கொழுந்துக்குப் பெரிய மனவருத்தமாக இருந்தது.

அடுத்த கிளினிக் நாளுக்கு முதல்நாள் கிறிஸ்தோப்பர் வள்ளத்தைக் கழுவி வைத்தார். மாக்கிறேற் வேண்டாம் என்றாள்.

"கடல் நல்லாத்தானே இருக்குது," என்றார் அவர்.

"கடலுக்கு இல்லை. அவள் ஒளிச்சுப் போற பிள்ளை இல்லை. எல்லாரும் போறதிலைதான் போவாள்."

காலையில் துறையில் முப்பதுபேர் நின்றார்கள். மாக்கிறேற் பெனடிக்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக ஏறுபலகைக்கு வந்தாள். தம்பையா குறுக்கே நின்றார். எழுதி வாங்கினீரா என்று கேட்டார். ஓம் என்று துண்டை விரித்து, தேவாலயத்தில் வாசகம் வாசிக்கும் குரலில் எல்லோருக்கும் கேட்க வாசித்தாள். இந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். வந்தாலும் எல்லாரையும்போல லோஞ்சில் போகலாம். கையொப்பம். முத்திரை.

தம்பையா துண்டைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"நான் கேட்டது வராதெண்டெல்லோ."

"வரும் அண்ணை," என்றாள் மாக்கிறேற். "வந்தால் இரண்டு நிமிசம். உங்கட மெசின் கிழமைக்கு இரண்டுதரம் நடுக்கடலிலை நிக்குது. அதுவும் அரை மணித்தியாலம். அதை ஆரும் கரையிலை இறக்கிவிட்டவையோ?"

யாரோ சிரித்தார்கள். குருசுமுத்துத்தான், ஆனால் பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார். தம்பையாவுக்கு இதற்கும் மறுமொழி இருந்திருக்கும். அதைத் தேடி எடுக்கமுன் மாக்கிறேற் பிள்ளையோடு ஏறி, நடுப் பலகையில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருந்துவிட்டாள். ஐந்தாறு பேர் எழும்பி இறங்கினார்கள். லோஞ்சு ஊதியதும் அவர்களும் பாய்ந்து ஏறினார்கள். வேறு லோஞ்சு இல்லை.

பாதிக் கடலில் பெனடிக்ராவின் கண்கள் செருகின.

மாக்கிறேற் அவளைப் பலகையிலிருந்து மெல்ல இறக்கி, ஒருபக்கமாய்ச் சரித்து, தலைக்கடியில் தன் பையை வைத்தாள். முப்பதுபேரின் கைகளும் இரும்பு தேடி மடிக்கும் இடுப்புக்கும் போயின. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைகள் நின்றன. குருசுமுத்து மெசினை நிற்பாட்டக் குனிந்தார்.

"ஓட்டும்," என்றாள்.

குருசுமுத்து ஓட்டினார்.

அவள் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள், சத்தமாக. முப்பது செக்கன். ஒரு நிமிசம். "பாருங்கோ," என்றாள், யாரையும் பார்க்காமல். "நல்லாப் பாருங்கோ. இவ்வளவுதான்." மணிக்கூடு கட்டிய கையை முழங்காலில் அமத்தி வைத்துக்கொண்டாள். ஒன்றரை. பெனடிக்ராவின் கால்கள் பலகையில் அடித்த சத்தம் மெசின் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது. முப்பதுபேரும் பார்த்தார்கள். முன்பு கண்டதில்லை என்பதுபோலப் பார்த்தார்கள். முன்பு இரும்பு தேடிய அவசரத்தில் ஒருவரும் பிள்ளையைப் பார்த்திருக்கவில்லை. ஒரு நிமிசமும் ஐம்பது செக்கனும். நின்றது.

பிள்ளை நீளமாக மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். தன்னைச் சுற்றியிருந்த முகங்களையும் பிறகு தன் உடுப்பையும் பார்த்தாள். நனைந்திருந்தது. முகத்தைத் தாயின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். மாக்கிறேற் பையிலிருந்து மாற்றுச் சட்டையை எடுத்தாள். முப்பதுபேர் நடுவில் எங்கே மாற்றுவது என்று ஒரு நொடி பார்த்தாள்.

எதிர்ப் பலகையில் சிவக்கொழுந்து இருந்தாள். கரம்பொனில் ஒரு சடங்குக்குப் போகிறவள், மடித்த பட்டுச்சேலை மடியில் இருந்தது. அவள் எழும்பினாள். சேலையை உதறி விரித்து, ஒரு தலைப்பைக் கம்பியில் சுற்றி, மற்றத் தலைப்பைக் கையால் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பி நின்றாள்.

மாக்கிறேற் அதைப் பார்த்தாள்.

"கொஞ்சம் உயத்திப் பிடியுங்கோ அக்கா," என்றாள். "காத்து அடிக்குது."

சிவக்கொழுந்து உயர்த்திப் பிடித்தாள்.